சிவமூலிகை தரும் அமைதி

சிவராத்திரி அன்று காத்மாண்டு பசுபதிநாதர் கோயில் பக்கம் போனால் புகைதான் முதலில் வரவேற்கும். சாம்பல் பூசிய சாதுக்கள் கஞ்சாச் சிலும்பியை இழுத்துக் கண்மூடுகிறார்கள். நேபாளம் 1973-லேயே கஞ்சா வியாபார உரிமங்களை ரத்து செய்த நாடு. ஆனால் சிவராத்திரி அன்று மட்டும் சட்டமும் பாதிக் கண்ணை மூடிக்கொள்கிறது.

இந்தியாவின் கதை இன்னும் வேடிக்கை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாச் செடியின் பூங்கொத்தையும் பிசினையும்தான் தடுக்கிறது. தனி இலை அதில் அடங்காது. அதனால்தான் வாரணாசியில் அந்த இலையில் செய்யும் பாங்குக்கு அரசு உரிமத்தோடு கடை நடக்கிறது.

கஞ்சாவுக்குச் சிவமூலிகை என்று பெயர் வைத்துவிட்டால் புகை தியானமாகிவிடுமா? செடியிலுள்ள போதைப்பொருளான டிஎச்சி, நினைவைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸைத் தடுமாறச் செய்கிறது. முந்தைய நொடி நழுவுவதால் இந்த நொடி பெரிதாகத் தெரிகிறது. அதையே அமைதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். தன்னைத் திரும்பிப் பார்க்க நினைவு வேண்டாமா? அளவு கூடினால் அதே பொருள் பதற்றத்தையும் சந்தேகத்தையும் கிளப்பும். இளவயதிலேயே தொடங்கி, வீரியமான சரக்கைத் தினமும் இழுப்பவர்களுக்கு மனச்சிதைவு அபாயமும் அதிகம்.

கஞ்சாப் பிசினான ஹஷீஷை உண்ணக் கூடிய பாரிஸின் ஹஷீஷ் மன்றத்தை நேரில் பார்த்த கவிஞர் போதலேர், 1860-ல் வெளியிட்ட நூலுக்குச் 'செயற்கைச் சொர்க்கங்கள்' என்றே தலைப்பிட்டார். ஹஷீஷ் மனவுறுதியை அரித்துவிடும் என்பதுதான் அவருடைய முக்கியப் புகார். நம் திருமூலரோ மூச்சுப் பயிற்சியை விரிவாகச் சொன்ன அதே திருமந்திரத்தில், கள்ளுண்ணாமைக்கும் தனியே ஒரு பகுதி ஒதுக்கியவர்.