குகைக்குள் கற்பூரம் வேண்டாமே

போளூரை அடுத்த திருமலைக்குச் செல்லும் அன்பர்கள், 16 மீட்டர் உயரமுள்ள நேமிநாதரைத் தரிசித்ததும் திரும்பிவிடுகின்றனர். தொங்கும் பாறைக்கு அடியில் செங்கற்சுவர் எழுப்பி அறைகளாக்கிய குகைக்குள் செல்வோர் குறைவு. சமணத் தலந்தானே என்று எண்ணலாகாது. இராசராசரின் தமக்கை குந்தவையின் பெயரைத் தாங்கிய சினாலயமும், இராசேந்திர சோழரின் கங்கைப் படையெடுப்பைக் கூறும் கல்வெட்டும் உள்ள ஊர் இது.

மேகாலயத்தில் குகையாய்வுச் சங்கத்தார் அளவு நாடா, திசைகாட்டி, சரிவுமானி ஆகியவற்றைக் கொண்டு அளந்து, 30 கிலோமீட்டருக்கும் நீண்ட லியத் பிரா குகையை வரைபடமாக்கியுள்ளனர். சுண்ணாம்புப் பாறையை மழைநீர் கரைத்து உண்டாக்கிய குகை அது. ஜவ்வாது மலைப் பக்கத்துக் கடும்பாறை அப்படிக் கரைவதில்லை. பாறை பிளந்தும் சரிந்தும் விட்ட இடைவெளியே இங்கு குகை. அளந்து முடிக்க அரைநாள் போதும்.

ஆனால் திருமலைக் குகையில் நீளத்தைவிட அரிய ஒன்று உண்டு. சுண்ணச்சாந்தின்மேல் தீர்த்தங்கரரின் சமவசரணம் முதலிய காட்சிகளை வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். அங்கே சூடம் ஏற்றினால் புகைக்கரி சாந்திலேயே படியும். துடைக்கும் துணியோடு வண்ணமும் வந்துவிடும். சூடம் ஏற்றாமல் தரிசனம் நிறையாது என்பார் சிலர். அவர்கள் என்னைக் கோபித்தாலும் சரியே. குகையளப்போர் இன்று தலையில் மின்விளக்கு அணிந்தே நுழைகின்றனர், தீப்பந்தம் கொணர்வதில்லை. நமக்கும் ஒரு டார்ச் விளக்குப் போதும். அதையும் ஓவியத்தின்மேல் நெடுநேரம் நிறுத்த வேண்டாம்.