இலவச மின்சாரம் கூரையிலேயே விளையட்டும்

தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் 2016 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. ஆண்டுக்கு 600 யூனிட். இன்றைய கட்டணப்படி ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 3,000 ரூபாய். இதை அரசு ஆண்டுதோறும் மின்வாரியத்துக்கு மானியமாகக் கட்டிக்கொண்டே இருக்கிறது. அந்த 600 யூனிட்டை நம் வெயிலில் உற்பத்தி செய்ய எவ்வளவு பெரிய சோலார் தேவை? இப்போது கடைகளில் கிடைக்கும் 540 வாட் பேனல் ஒன்று போதும். அது பிடிக்கும் இடம் 30 சதுர அடிகூட இல்லை.

ஆண்டுதோறும் செலவாகித் தீர்ந்துபோகும் இந்த மானியத்தில் ஒரு பகுதியையாவது ஏழை எளிய வீடுகளின் கூரைமேல் முதலீடாக மாற்ற வேண்டும் என்பதே நம் கோரிக்கை. சலுகையைப் பறிக்கச் சொல்லவில்லை. அதே சலுகையை அந்த வீட்டிலேயே உற்பத்தி செய்யச் சொல்கிறோம். இதை எல்லா ஊர்களிலும் ஒரே நாளில் தொடங்க முடியாது; நடுத்தர அளவுள்ள ஒரு நகரத்தில் முழுமையாகச் செய்துகாட்டலாம். அதற்கு நாம் முன்மொழியும் ஊர் காரைக்குடி.

2011 கணக்கெடுப்பிலேயே ஒரு லட்சம் பேரைத் தாண்டிய ஊர் அது. 2024-ல் மாநகராட்சியாக உயர்ந்தது. சிவகங்கைச் சீமையின் வெயிலைப் பற்றி யாரும் சொல்லத் தேவையில்லை. செக்காலையிலும் சுப்பிரமணியபுரத்திலும் கழனிவாசலிலும் பெரும்பாலானவை ஒரு மாடி, இரண்டு மாடி வீடுகள். பெருநகரங்களைப் போல, பக்கத்துக் கட்டடத்தின் நிழல் விழுந்து பாதி நாள் வீணாகும் தொல்லை இங்கே குறைவு.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோவாட் சோலாருக்குச் சுமார் 100 சதுர அடி மாடி வேண்டும். நாள் சராசரியாக அது 4 யூனிட் தரும். மழை, மேகம், தூசி எல்லாம் போக ஆண்டுக்கு 1,400 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். காரைக்குடியில் 10,000 வீடுகள் தலா 2 கிலோவாட் அமைத்தால் 20 மெகாவாட். ஆண்டுக்கு 2 கோடியே 80 லட்சம் யூனிட். பக்கத்து மாவட்டமான ராமநாதபுரத்தின் கமுதியில் 2016-ல் அமைந்த 648 மெகாவாட் நிலையத்துக்குச் சுமார் 2,500 ஏக்கர் தேவைப்பட்டது. அந்த விகிதத்தில் 20 மெகாவாட்டுக்கு 75 ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். கூரையில் அமைத்தால் ஒரு சென்ட் நிலமும் தேவையில்லை. மேய்ச்சல் நிலம் தப்பும். கம்பி வழியே தொலைதூரம் வரும்போது ஏற்படும் இழப்பும் இல்லை.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் பரவவில்லை? ஒன்றிய அரசு 2024 பிப்ரவரியில் 75,021 கோடி ரூபாய் ஒதுக்கி, ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டு பி.எம். சூர்யா கர் திட்டத்தைக் கொண்டுவந்தது. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய், உச்சவரம்பு 78,000 ரூபாய் என மானியம் தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் அது யாருக்குக் கட்டுப்படியாகிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் ஓடும் வீட்டுக்கு இன்று 2,900 ரூபாய் அளவில் கரண்ட் பில் வருகிறது. 500-ஐத் தாண்டிய யூனிட்டுக்கு விலை 8 ரூபாய்க்கு மேல். அந்த வீட்டில் 2 கிலோவாட் சோலார் போட்டால் பில்லின் பெரும்பகுதி மறைந்துவிடும். மானியம் போகக் கைப்பணமாகச் செலவிட்டது நான்கைந்து ஆண்டுகளில் திரும்பிவிடும். ஏ.சி. உள்ள வீட்டுக்கு இது லாபமான முதலீடு. ஆனால் 200 யூனிட்டுக்குள் வாழ்கிற குடும்பம் இரண்டு மாதத்துக்குக் கட்டுவது சில நூறு ரூபாய்தான். அந்தக் குடும்பம் கடன் வாங்கி சோலார் போட எந்தக் காரணமும் இல்லை. ஆக, திட்டம் வசதியானவர்களின் மொட்டைமாடியோடு நின்றுவிடுகிறது. தையல் மெஷின் ஓட்டியும் இட்லி மாவு அரைத்து விற்றும் பிழைக்கிற வீடுகளுக்கு அதில் இடமில்லை.

இலவச மின்சார மானியம் இங்கேதான் கைகொடுக்க வேண்டும். ஒரு கிலோவாட் அமைக்க ஆகும் செலவில் 30,000 ரூபாயை ஒன்றிய மானியம் ஏற்கிறது. மீதியை மாநில அரசு கொடுத்து, சிறு நுகர்வோரின் கூரையில் அமைக்கட்டும். 1,400 யூனிட்டில் 600 குடும்பத்துக்கு உரியது. எஞ்சிய 800 யூனிட்டை மின்வாரியம் எடுத்துக்கொள்ளட்டும். அரசு போட்ட பணம் பத்து ஆண்டுகளுக்குள் மானியச் சேமிப்பாகவும் மின்சாரமாகவும் திரும்பும்; பேனலோ 25 ஆண்டு உழைக்கும். இது புதிய கனவும் அல்ல. மின் நிறுவனமே முன்னின்று வீடுகளைத் திரட்டி அமைத்துக்கொடுக்க ஒன்றியத் திட்டத்தின் வழிகாட்டு நெறிகளே இடம் தருகின்றன. பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்கு 2 கிலோவாட் வரை இலவசமாக அமைக்கும் திட்டத்தை ஆந்திரம் அறிவித்திருக்கிறது. சமூக நீதியில் முன்னோடி என்று சொல்லிக்கொள்ளும் நாம் பின்தங்கலாமா?

கூரையைப் பொதுக்காரியமாகப் பார்ப்பது தமிழ்நாட்டுக்குப் பழக்கப்பட்டதே. 2003-ல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டபோது அதிகாரிகள் தெருத்தெருவாக வந்தார்கள், கெடு வைத்தார்கள், ஊரே குழாய் பதித்தது. நிலத்தடி நீர் எல்லோருடையது, ஆகவே உன் கூரைநீரும் ஊர்க்காரியம் என்று அரசு சொன்னது, மக்கள் ஏற்றார்கள். ஆனால் பிறகு யாரும் வந்து பார்க்காததால் பல வீடுகளில் அந்தக் குழாய் பெயருக்கு நிற்கிறது. சோலாருக்கு அந்த முனைப்பும் வேண்டும், அந்தக் கவனக்குறைவு திரும்பவும் கூடாது. அமைத்துக்கொடுப்பதோடு நிற்காமல், பழுது பார்க்கவும் பேனலைக் கழுவிப் பராமரிக்கவும் வார்டுக்கு ஒரு பயிற்சி பெற்ற குழு இருக்க வேண்டும். உள்ளூர் ஐ.டி.ஐ. படித்த இளைஞர்களுக்கு அதுவே வேலை.

காரைக்குடிக்கென்று சில சிக்கல்கள் உண்டு. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் ஓட்டுக்கூரையில் பேனலை ஏற்றி, நூற்றாண்டு அழகைக் கெடுக்கக் கூடாது. அவற்றை விலக்கிவைப்பதே சரி. பங்காளிகள் பலருக்கு உரிமையான வீடுகளிலும், தாத்தா பெயரிலேயே மின் இணைப்பு நிற்கும் வீடுகளிலும் மானிய விண்ணப்பம் தொடக்கத்திலேயே முட்டுகிறது. பெயர் மாற்றத்துக்கும் சோலார் விண்ணப்பத்துக்கும் ஒரே நாளில் ஒரே இடத்தில் தீர்வு காணும் முகாம்களை வார்டுதோறும் நடத்த வேண்டும். வாடகைக்குக் குடியிருப்பவருக்குக் கூரையே இல்லை. அதற்கும் வழி உண்டு. டெல்லியில் 2019 முதல் உள்ள விதிப்படி, நுகர்வோர் வேறோர் இடத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் தம் பங்கைத் தம் பில்லில் கழித்துக்கொள்ளலாம். பள்ளிகள், சந்தை, பேருந்து நிலையம், மாநகராட்சிக் கட்டடங்களின் மேல் அமையும் சோலாரில் வாடகைக் குடும்பங்களுக்கும் அப்படிப் பங்கு தர வேண்டும்.

மின்வாரியத்தின் தயக்கத்தையும் நேர்மையாகப் பேச வேண்டும். கூடுதல் கட்டணம் கட்டும் நுகர்வோர் சோலாருக்குப் போனால் வருவாய் குறையும், அது உண்மை. அதனால்தான் சிறு நுகர்வோர் கூரைகளை முதலில் எடுக்கச் சொல்கிறோம். விலை கொடுத்து வாங்க வேண்டிய மின்சாரமும் அரசு தர வேண்டிய மானியமும் அங்கேதான் ஒருசேர மிச்சமாகும். வெயில் தாழ்ந்த பிறகு என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. 2024 மே 2 அன்று மாநிலத்தின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கோடையில் இரவிலும் தேவை தணிவதில்லை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பகலுக்கு மாற்றக்கூடிய வேலைகள் ஊரில் நிறைய இருக்கின்றன. காரைக்குடிக்குப் பெயர் வாங்கித் தந்த சம்பை ஊற்று நீரை மேல்நிலைத் தொட்டிகளுக்கு ஏற்றும் மோட்டார்களை நண்பகலில் ஓட்டினால், கூரை மின்சாரம் ஊருக்குள்ளேயே பயன்படும்.

மீதிக்கு பேட்டரி வேண்டும். பேட்டரிக்கு அறிவு தேடி காரைக்குடி எங்கும் போக வேண்டியதில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி அங்கேதான் இருக்கிறது. மின்வேதியியலில் நாட்டின் முதன்மை ஆய்வகம் அது. ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு பேட்டரி என்று நான்கு தெருக்களில் அமைத்து, நம் வெப்பத்தில் எது தாங்குகிறது என்று சிக்ரியும் மின் பகிர்மானக் கழகமும் சேர்ந்து சோதிக்கட்டும். ஊர் கொடுத்த நிலத்தில் வளர்ந்த ஆய்வு ஊருக்கே பயன்படுவதைவிட அந்த வள்ளலுக்கு வேறென்ன மரியாதை?

வாங்குவோரும் ஏமாறக் கூடாது. மின்கம்பியோடு இணைந்த சாதாரண சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. இதைச் சொல்லாமல் விற்பவர்களால்தான் மக்களுக்கு நம்பிக்கை போகிறது. விலை, உத்தரவாதம், ஆண்டு உற்பத்தி ஆகியவற்றைத் தமிழில் எழுதித் தர வேண்டும் என்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

சட்டம் ஏற்கெனவே மக்கள் பக்கம் நிற்கிறது. 2024-ல் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரையிலான சோலாருக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வே தேவையில்லை. 5 கிலோவாட் வரை மின்தடத்தை வலுப்படுத்தும் செலவும் மின் நிறுவனத்துடையது. இதை இ.பி. ஆபீஸ் வாசலில் பலகையாக எழுதி வையுங்கள். மீட்டர் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள்.

வரும் நிதிநிலை அறிக்கையில் காரைக்குடிக்கென ஒரு தொகையை மாநில அரசு ஒதுக்க வேண்டும். 200 யூனிட்டுக்குள் செலவிடும் சொந்த வீட்டுக் குடும்பங்களைப் பட்டியலிட்டு, ஓராண்டில் முதல் 2,000 கூரைகளில் ஒரு கிலோவாட் அமைக்க வேண்டும். எவ்வளவு உற்பத்தியானது, மானியம் எவ்வளவு மிச்சமானது என்ற கணக்கை மாநகராட்சி மாதந்தோறும் பொதுவில் வைக்க வேண்டும். அந்தக் கணக்கு லாபம் காட்டினால் புதுக்கோட்டைக்கும் விருதுநகருக்கும் திண்டுக்கல்லுக்கும் விரிவாக்க யாரும் கெஞ்ச வேண்டியிருக்காது. பேனல்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஒன்றிய மானியமும் கையில் இருக்கிறது. இந்த வாய்ப்பைத் தவறவிட்டு, இன்னும் 25 ஆண்டுகளுக்கு மானியம் மட்டுமே கட்டிக்கொண்டிருப்பதை நிர்வாகம் என்று சொல்ல முடியாது.