உப்பு எவ்வளவு? சர்க்கரை எவ்வளவு? தமிழில் சொல்!

காஞ்சிபுரம் பட்டுச் சேலை வாங்குகிறவருக்கு அது அசல் பட்டுதானா என்று தெரிய வேண்டும். அதற்காக 2004-ஆம் ஆண்டு முதல் ‘சில்க் மார்க்’ முத்திரை இருக்கிறது. நியாயம்தான். காசு கொடுப்பவர் கேட்கத்தான் செய்வார். ஆனால் அந்தச் சேலையை நெய்தவரும், முசரவாக்கத்தில் நாற்று நடுகிறவரும் பிள்ளைக்குப் பெட்டிக்கடையில் பிஸ்கட்டும் சிப்ஸும் வாங்குகிறார்களே, அதற்குள் இருப்பது என்னவென்று அவர்களுக்கு யார் சொல்கிறார்கள்?

“அட்டையிலேயே எழுதியிருக்கிறதே” என்பார்கள் கம்பெனிக்காரர்கள். எழுதியிருக்கிறது, எந்த பாஷையில்?

மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள் சொல்வது இது: கட்டாய விவரங்கள் இங்கிலீஷில் இருக்கலாம், அல்லது தேவநாகரி எழுத்தில் இந்தியில் இருக்கலாம். வேறு பாஷையையும் சேர்த்துப் போடத் தடையில்லை. தடையில்லை, கட்டாயமும் இல்லை! 1954-ஆம் வருஷத்துக் கலப்படத் தடைச் சட்டம் போய் 2006-இல் புதுச் சட்டம் வந்தது. பாஷை விஷயத்தில் மட்டும் பழைய கதையே தொடர்கிறது.

பண்டத்தின் பெயரைத் தமிழில் பெரிதாகப் போடும் கம்பெனிகள் உண்டு. விற்க வேண்டுமே! உப்பு, சர்க்கரை, கொழுப்புக் கணக்கு மட்டும் பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்ததுபோல் இங்கிலீஷில் இருக்கும்.

இன்னொரு அநியாயத்தையும் கேளுங்கள். மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத பொட்டலமானால், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலும் சத்து விவரமும் அதில் வேண்டியதில்லை. மொத்தமாகக் கட்டிய பெட்டியின் மேல் இருந்தால் போதும். மொத்தப் பெட்டியைப் பார்ப்பவர் கடைக்காரர். சில்லறைக்குக் குட்டிப் பொட்டலம் வாங்குவது யார்? கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை!

உப்பு மிஞ்சினால் ரத்தக் கொதிப்பு ஏறும். சர்க்கரை நோய்க்காரருக்கு இனிப்பின் கணக்கு உயிர்க் கணக்கு. படுத்துவிட்டால் அன்றைய கூலி போச்சு; மருந்துச் செலவு வேறு.

சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரையோ உப்போ மிகுந்த பண்டத்தின் முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோணத்தில் எச்சரிக்கை போடுகிறார்கள். இங்கே 2022-இல் நட்சத்திரம் போடும் திட்டம் ஒன்றை ஆணையம் வெளியிட்டது. அதில் ஆக மோசமான பண்டத்துக்கும் அரை நட்சத்திரம் உண்டு! எச்சரிக்கை கேட்டால் விருதா கொடுப்பது? வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. 2025 ஏப்ரலில் மூன்று மாதக் கெடு. ஜூலையில் மேலும் மூன்று மாதம். கெடு நீள்கிறது, வியாபாரம் நடக்கிறது.

கேட்டால் கிடைக்குமா என்று சந்தேகப்பட வேண்டாம். 2023 மார்ச்சில் ஆவின் தயிருக்கு ‘தஹி’ என்று பெயர் போடு, தயிர் என்பதை அடைப்புக்குறிக்குள் வை என்று இதே ஆணையம் உத்தரவிட்டது. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் எதிர்ப்புக் கிளம்பியது. அந்த மாதம் 30-ஆம் தேதியே உத்தரவைத் திருத்திக்கொண்டார்கள். பெயருக்காகப் போராடி வென்றோம். பெயரோடு நின்றுவிடலாமா? உள்ளே இருப்பதற்காகவும் போராட வேண்டாமா?

நாம் கேட்பது மூன்று. தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு பொட்டலத்திலும் விவரம் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் வேண்டும். உப்பு, சர்க்கரை, கொழுப்பு மிகுந்தால் முன்பக்கத்தில் எச்சரிக்கை வேண்டும். சிறு பொட்டலத்துக்குத் தந்த சலுகை ஒழிய வேண்டும்.

வியர்வை சிந்திச் சம்பாதித்த காசு, தோழர்களே! அதைக் கொடுத்து வாங்குவது இன்னதென்று தெரிந்துகொள்வது நமது உரிமை. சங்கக் கூட்டத்திலும் கிராமசபையிலும் தீர்மானம் போடுங்கள், சர்க்காருக்கு அனுப்புங்கள்!