எந்த வருஷத்துக் குழி?

டிசம்பர், ஜனவரியில் பெங்களூருக்கு வருகிற வெளிநாட்டு விருந்தாளிகளில் ஒரு தனி ரகம் உண்டு. மைசூர் அரண்மனை எங்கே, ஹம்பிக்கு எப்படிப் போவது என்றெல்லாம் கேட்க மாட்டார்கள். கையில் ஒரு நகல் காகிதம் இருக்கும். அதில் ஒரு பெயர், ஒரு படைப்பிரிவு, ஒரு தேதி. “இவர் என் பாட்டனுக்குப் பாட்டன், இங்கேதான் எங்கோ அடக்கம் செய்திருக்கிறார்கள்” என்பார்கள். பெர்த், மெல்போர்ன் பக்கம் குடியேறிவிட்ட ஆங்கிலோ இந்தியர்கள் பாதி, இங்கிலாந்துக்காரர்கள் மீதி. சிவாஜி நகரில் பிறந்தவன், பழைய ஊர்க்கதை எழுதுகிறவன் என்று யாராவது என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். நானும் கூடப் போவேன். கல்லறைத் தோட்டத்தில் சுற்றுவது எனக்குப் பிடிக்கும். இந்த ஊரில் மரங்களை வெட்டாமல் விட்டுவைத்திருக்கும் சில இடங்களில் அதுவும் ஒன்று.

ஓசூர் ரோட்டில் கத்தோலிக்கருக்கு ஒரு பக்கம், புராட்டஸ்டண்டுகளுக்கு ஒரு பக்கம். கல்பள்ளி, பழைய மெட்ராஸ் ரோட்டுக்கு அருகே. அகரம், ராணுவக் குடியிருப்புகளை ஒட்டி. வந்தவர்கள் தேடுவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் இருக்கும். ஆச்சரியம் என்னவென்றால், பல பேர் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கல் உடைந்திருக்கும், எழுத்து தேய்ந்திருக்கும், ஆலங்கன்று பிளந்திருக்கும். ஆனாலும் இன்னார் இன்ன தேதியில் இந்த ஊரில் இன்ன நோயில் இறந்தார் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இருக்காது.

காரணம் கல் இல்லை, காகிதம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலிருந்தே அதன் குருமார்கள் கொடுத்த ஞானஸ்நானம், நடத்திய திருமணம், செய்த அடக்கம் எல்லாவற்றுக்கும் பிரதி எழுதி லண்டனுக்கு அனுப்பிவந்தார்கள். வங்காளம், சென்னை, பம்பாய் என்று மாகாண வாரியாகக் கட்டிய அந்தப் பேரேடுகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. தண்டு என்று நாங்கள் சொல்கிற பெங்களூர் கண்டோன்மெண்ட், சென்னை மாகாணக் கட்டுகளுக்குள் வரும். போதாக்குறைக்கு ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐசிஎஸ் அதிகாரி மாகாணம் முழுக்க இருந்த கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1905-இல் புத்தகமாகவே போட்டார். 1970-களில் தியோன் வில்கின்சன் என்பவர் தெற்காசியக் கல்லறைகளுக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 1998-இல் பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கென்று இன்னொரு சங்கம் வந்தது. காலராவில் செத்த ஒரு கார்ப்பரலுக்கு இத்தனை பேர் காவல்.

அந்தக் கார்ப்பரலுக்குச் சமைத்துப் போட்டவர், அவர் குதிரைக்குப் புல் அறுத்தவர், அவர் சட்டையை வெளுத்தவர் எங்கே கிடக்கிறார்கள் என்று யாரும் காகிதத்தோடு வந்து என்னிடம் கேட்டதில்லை. அவர்களுடைய பேரன் பேத்திகள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய அவசியமே இல்லை. இதே ஊரில்தான் இருக்கிறோம்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மலேரியா வாட்டியதால் 1809-இல் பிரிட்டிஷ் படை இங்கே இடம் மாறியது. அல்சூருக்கு மேற்கே தண்டு எழுந்தது. படைக்குப் பின்னால் ஆற்காடு, வேலூர்ப் பக்கத்துத் தமிழர்கள் வந்தார்கள். சிப்பாய், பட்லர், ஆயா, தோட்டக்காரர், கொத்தனார், கான்ட்ராக்டர், துபாஷி. என் அப்பா வழிக் குடும்பமும் அப்படி வந்ததுதான் என்று வீட்டில் சொல்வார்கள். எந்த வருஷம், யார் முதலில் வந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை.

எனக்கு ஒரு கல்லறை தேட வேண்டியிருந்தது. என் கொள்ளுப்பாட்டி மரியம்மாளுடையது. அவள் பெயரும் கணவன் சின்னப்பன் பெயரும் தவிர, அவளைப் பற்றி வீட்டில் மிஞ்சிய தகவல் ஒன்றே ஒன்று: “பெரிய காய்ச்சல்ல போனவ.” படைப்பிரிவு இல்லை, தேதி இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியமே அரைப் பஞ்சாங்கம். இந்த ஊரில் பிளேக் வந்தது 1898-இல். அதைக் காய்ச்சல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பிளேக் என்றே சொல்வார்கள். பிளேக் மாரியம்மனுக்குக் கோயிலே கட்டினார்கள். பெரிய காய்ச்சல் என்றால் 1918. முதல் உலகப் போரின் கடைசி மாதங்களில் உலகைச் சுற்றிய இன்புளூயன்சா, செப்டம்பர், அக்டோபரில் பெங்களூரைப் போட்டு அடித்தது. இந்தியா முழுக்க ஒரு கோடிக்கு மேல் போனார்கள் என்கிறார்கள். ஆக, வருஷம் கிடைத்துவிட்டது.

கல்பள்ளிக் கல்லறைக் காவலாளியும் முதலில் அதைத்தான் கேட்டார். “எந்த வருஷத்துக் குழி சார்?” சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். “அதெல்லாம் எங்க சார் அப்படியே இருக்கும்? மேல யார வெச்சாங்கன்னு சொல்லுங்க. கடைசியா வெச்ச ஆள் பேரு சொல்லுங்க.”

வெள்ளைக்காரரின் தேடலுக்கும் நம்முடையதற்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அந்தப் பதிலில் இருக்கிறது. அந்நியப் படைவீரனுக்கு ஒரு குழி, ஒரு கல், ஒரு பெயர். அவனுக்குப் பிறகு அங்கே படுக்க அவன் குடும்பத்தில் யாரும் மிச்சமில்லை, கப்பலேறிவிட்டார்கள். நம்முடையது குடும்பக் குழி. வருஷங்கள் கழிந்ததும் அதையே திறப்பார்கள். கிடைக்கிற எலும்பை ஒரு துணியில் கட்டி ஓரமாக வைத்துவிட்டு அடுத்தவரை இறக்குவார்கள். பழைய கல்லறைத் தோட்டங்களில் புதுக் குழிக்கு இடமில்லை என்று ஆன பிறகு இது வழக்கம் என்பதைத் தாண்டிக் கட்டாயம் ஆகிவிட்டது. ஒரே குழியில் நான்கு தலைமுறை. அதனால் நம் பாட்டியைத் தேடுகிறவன் கீழே தேடக் கூடாது, மேலே தேட வேண்டும். கடைசியாகச் செத்தவரைப் பிடித்து அங்கிருந்து இறங்க வேண்டும்.

மேலே இருப்பதோ கிரானைட். மழை, வேர், மாடு எல்லாம் சேர்ந்து இந்த ஊர்க் கல்லறைகளில் அழித்த பெயர்களைவிடப் பளபளக்கும் கறுப்புக் கிரானைட் அழித்த பெயர்கள் அதிகம் என்பது என் எண்ணம். துபாயில் இருக்கிற மகன் பணம் அனுப்புவான். அப்பாவுக்கு நல்லதாக ஒன்று கட்ட வேண்டும் என்பான். பழைய சுண்ணாம்புக் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதுப் பலகை பதிப்பார்கள், அப்பா போட்டோவோடு. இடித்த கட்டடத்தில் உளியால் கொத்தியிருந்த மூன்று பெயர்கள் கொத்தனாரின் சட்டியில் போய்விடும். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, அன்பினால் செய்வதுதான்.

பெரிய மனிதர்களுக்கும் இந்த ஊர் சலுகை காட்டியதில்லை என்பது ஒரு ஆறுதல். 1791 மார்ச்சில் காரன்வாலிஸின் பிரிட்டிஷ் படை பேட்டை என்கிற பழைய ஊரையும் கோட்டையையும் பிடித்தபோது இறந்த ஆங்கில அதிகாரிகளைக் கோட்டைப் பக்கத்தில் புதைத்தார்கள். படையோடு வந்த ஓவியர் ராபர்ட் ஹோம் அந்தக் கல்லறையை வரைந்து 1794-இல் புத்தகத்தில் சேர்த்தார். படம் இருக்கிறது, கல்லறை இல்லை. பேட்டை வாசலில் விழுந்த கர்னல் மூர்ஹவுஸுக்குச் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் மேரி ஆலயத்தில் பளிங்கு நினைவுச் சின்னம் உண்டு. அவரைப் புதைத்த பெங்களூரில் எதுவும் இல்லை. அந்தப் போரில் மாண்டவர்களுக்காக நிறுத்திய ஸ்தூபியையும் 1964-இல் மாநகராட்சி இடித்தது. அதன் பெயர் தாங்கிய தெருவுக்கு இப்போது நிருபதுங்கர் பெயர். இடித்தது சரிதான் என்கிற கட்சி எனக்கு. ஆனால் இடிப்பதற்கு முன் ஒரு மியூசியத்தில் சாய்த்து வைத்திருக்கலாம். இவ்வளவு ஏன், ஊரைக் கட்டிய கெம்பே கவுடாவின் சமாதியே மாகடி தாலுகாவில் ஒரு கிராமத்தில் இருக்கிறது என்று 2015-இல்தான் தெரிய வந்தது. ஊரின் பெயரை முதன்முதலாகச் சொல்வதாகக் கருதப்படும் பேகூர்க் கல்வெட்டும், சுமார் 890-இல் பெங்களூர்ச் சண்டையில் இறந்தவனுக்கு எடுத்த நடுகல்.

குழியில் தடம் கிடைக்காவிட்டால் கோயில் பேரேடு. எந்தப் பங்கு என்று தெரிந்தால்தான் எந்தப் பேரேடு என்று தெரியும். எங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சிவாஜி நகர் மாதா கோயில்தான். பாரிஸ் வேதபோதக சபையின் பிரெஞ்சுச் சாமியார்கள் நடத்திய காலத்துப் பேரேடுகள் லத்தீனில் இருக்கும். அந்தோணி அங்கே அந்தோணியுஸ், சவரிமுத்து பிரான்சிஸ்குஸ் சேவியர். நம் பெயருக்கு முன்னால் வருகிற இன்ஷியலை அவர்கள் சட்டை செய்யவில்லை. குடும்பப் பெயரோ நம்மிடம் இல்லை. பிற்காலத்தில் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியதும் ஒரே ஆரோக்கியசாமியை ஐந்து விதமாக எழுதினார்கள். இந்தப் பாடுகளை ஸ்மித்தின் கொள்ளுப்பேரன் படுவதில்லை.

நகராட்சிப் பதிவைத் தேடலாமே என்பார்கள். தண்டு 1881 முதல் சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் என்ற தனி ஆட்சி. மைசூர் மகாராஜாவிடம் அது திரும்பியது 1947 ஜூலையில். பேட்டையும் தண்டும் ஒரே மாநகராட்சி ஆனது 1949-இல். ஆட்சி மாறி, அலுவலகம் மாறி, அலமாரி மாறும்போது காகிதம் என்ன பாடு படும் என்பதை அரசு அலுவலகம் ஏறி இறங்கியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாங்களாவது கிறிஸ்தவர்கள், ஏதோ ஒரு ஏட்டில் ஒரு வரி இருக்கும். அதே கல்பள்ளியில் இந்துக்களுக்கான மயானமும் உண்டு. தண்டுத் தமிழரில் புதைக்கிற சாதிகள் பல. மறுநாளோ மூன்றாம் நாளோ போய்ப் பால் தெளித்துவிட்டு வருவார்கள். வசதி இருந்தால் ஒரு மேடை, ஒரு மாடம். இல்லாவிட்டால் மண்மேடு, இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிகம். மர்பி டவுன் நண்பர் ஒருவரிடம் அவருடைய தாத்தா எங்கே என்று கேட்டேன். “அந்த வேப்பமரத்துக்கு இந்தாண்டனு எங்கப்பா காட்டுவாரு. இப்ப வேப்பமரமே இல்ல” என்றார். அதைப் பெரிய துக்கமாகவும் அவர் சொல்லவில்லை. தை அமாவாசைக்கு வீட்டிலேயே படையல் போட்டுவிடுகிறார்.

அவருடைய பெரிய தாத்தா ஒருவர் சப்பர்ஸில் இருந்தவர். அல்சூர் ஏரிக்கரையில் தலைமையகம் வைத்திருக்கும் மெட்ராஸ் சப்பர்ஸில் தமிழர்கள் நிறைய. முதல் உலகப் போரில் மெசபடோமியா வரை போனார்கள். பாஸ்ராவில் எழுப்பிய நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ்காரர்களுக்குச் சிப்பாய்வரை பெயர். இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர், மற்றவர்களுக்குப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கை. இத்தனை பேர் என்று ஒரு கணக்கு, அவ்வளவுதான். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-இல் வெளியிட்ட விசாரணை அறிக்கையில் இந்தப் பாரபட்சத்தை ஒப்புக்கொண்டது: பெயரில்லாமலோ, எந்த நினைவுச் சின்னமே இல்லாமலோ விடுபட்டவர்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள், குறைந்தது 1,16,000 பேர் என்றது. இதே ஆணையம் சென்னை நந்தம்பாக்கத்தில் இன்னொரு காரியமும் செய்திருக்கிறது. இந்தியாவின் பல ஊர்க் கல்லறைகளில் பராமரிக்க முடியாமல் போன முதல் போர்க்காலத்து வீரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களை அங்கே ஒரே இடத்தில் பொறித்திருக்கிறது. கல் போனாலும் பெயரை வேறிடத்தில் எழுதலாம் என்பதற்கு அது சாட்சி. எழுத மனம் வர வேண்டும்.

மனம் இருக்கிற வேலை இந்த ஊரிலேயே நடக்கிறது. மிதிக் சொசைட்டிக்காரர்கள் பெங்களூரைச் சுற்றி வயல், சாக்கடை, கோயில் மதில் என்று தேடி ஆயிரம் வருஷத்துக் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் படம் பிடித்து வைக்கிறார்கள், தமிழ்க் கல்வெட்டுகள் உள்பட. நூறு வருஷத்து அடக்கப் பேரேடுகளுக்கு அந்த யோகம் இல்லை. ராமபாணப் பூச்சி லத்தீன், தமிழ் பார்ப்பதில்லை. மறைமாவட்டமும் சிஎஸ்ஐக்காரர்களும் ஒரு ஸ்கேனரையும் இரண்டு கல்லூரிப் பிள்ளைகளையும் உட்காரவைத்தால் ஒரு கோடை விடுமுறையில் பாதி முடியும்.

என் கொள்ளுப்பாட்டிக்கு வருகிறேன். 1918 அக்டோபரில் பேரேட்டின் பக்கங்கள் மளமளவென்று போகின்றன. எழுதிய சாமியாருக்கே கை வலித்திருக்க வேண்டும். மாதக் கடைசியில் எழுத்து சரிந்து, வயதை விட்டுவிட்டு, பெயரோடு நிறுத்திக்கொள்கிறார். மரியம்மாள் அங்கே மரியா. அந்தப் பெயரில் அந்தக் கடைசி வாரத்தில் மட்டும் பலர். கணவன் பெயரை வைத்துக் கழித்துப் பார்த்ததில் இருவர் மிஞ்சினார்கள். இருவர் கணவனும் சின்னப்பன். ஒருத்தி கல்பள்ளி, இன்னொருத்திக்கு இடம் குறிக்கவில்லை. எங்கள் குடும்பக் குழி கல்பள்ளியில் இருப்பதால் முதலாமவள் எங்களுடையவள் என்று நான் முடிவு செய்தேன். அத்தை மறுத்தார். இரண்டு பேருக்குமே பூசை வைத்துவிடு, எவளோ ஒருத்தி நம்மவள், மற்றவளுக்கு யாரும் இல்லையோ என்னவோ என்றார்.

கல்லறைத் திருநாளுக்குள் பலகையில் பெயர் ஏற்றிவிட வேண்டும் என்று நவம்பர் 2-க்கு முந்தைய வாரம் ஓசூர் ரோட்டில் ஒரு கல் கடையில் விசாரித்தேன். எழுத்துக்கு இவ்வளவு என்று ரேட். ஆங்கிலம் என்றால் எண்ணுவது சுலபம். தமிழில் கொம்பும் காலும் தனி எழுத்தா என்று கடைக்காரருக்கும் எனக்கும் கால் மணி நேரம் வாதம். அதற்குள் குடும்ப வாட்ஸப் குழுவில் வேறு சண்டை. தாத்தா பெயருக்கு மேலே போடுவதா கீழேயா, பெரியப்பா படத்தைச் சின்னதாக்க முடியுமா, 1918 என்று போடலாமா, நிச்சயமில்லாததை எதற்குக் கல்லில் போடுவது. கனடாவிலிருந்து ஒரு மருமகள், இந்த மரியம்மாள் யார், எனக்கு எப்படி உறவு என்று கேட்டிருந்தாள். அவளுக்கு மட்டும் விளக்கமாகப் பதில் எழுதினேன். மற்றவர்கள் இன்னும் மேலேயா கீழேயா என்பதில் இருக்கிறார்கள்.