கொழும்புத்துறைக்கு வேண்டிய காற்று அறிவிப்பு

மாரிகால வாடைக்காற்றைப் பற்றிய வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவிப்பு, புத்தளத்திலிருந்து காங்கேசன்துறை ஊடாகத் திருகோணமலை வரை எனப் பெரும்பாலும் ஒரே வசனத்தில் முடிந்துவிடும். யாழ். கடல்நீரேரியில் சிறு வள்ளத்துடன் இறங்கும் கொழும்புத்துறைத் தொழிலாளிக்கு அதனால் பெரிய பயனில்லை.

இங்கே வாடை தரைப்பக்கமிருந்து வீசுவதால் கரையோர நீர் அடங்கியே தெரியும். உள்ளே போனபின்தான் அலை எழும். ஆழம் குறைந்த நீரில் அது குறுகி, அடுக்கடுக்காக அடிக்கும். போகும்போது தள்ளிவிட்ட காற்றையே எதிர்த்துத் திரும்ப வேண்டும்.

2008 நவம்பரில் நிஷா, 2020 டிசம்பரில் புரெவி எனப் புயல்களுக்குப் பெயருண்டு. நிவாரணமும் உண்டு (போதுமானதா என்பது வேறு கதை). பெயரில்லாத வாடை நாளில் போகும் வலை எளிதில் கணக்கில் ஏறாது. போரில் எல்லாம் இழந்து, கடனில் மறுபடி தொழில் தொடங்கிய குடும்பத்துக்கு அது இரண்டாம் இழப்பு.

கடல்நீரேரிக்கென மணித்தியாலவாரியான காற்று அறிவிப்பை, முதல்நாள் மாலையிலேயே கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தமிழில் அனுப்புவது முடியாத காரியமல்ல.