அளந்தவர் யார்?

சென்ற மாதம் எம்மிடம் முன்னர் படித்த மாணவர் ஒருவரின் தந்தையார், சுருட்டிய கடதாசி ஒன்றைக் கையிலேந்தி எமது இல்லத்துக்கு வந்தார். ராகலைக் கடைவீதிக்கு அண்மையில், தோட்டத்தில் உழைத்துச் சேர்ந்த சேமலாப நிதிப் பணத்தைக் கொண்டு 12 பேர்ச்சஸ் காணி வாங்கியிருந்தார். வீடு கட்டக் கடன் கேட்டு வங்கிக்குச் சென்றபோது காணியின் வரைபடத்தை ஏற்காது திருப்பிவிட்டார்களாம். "கோடெல்லாம் நேராகத்தானே இருக்குதுங்க சேர், என்ன குறை?" என்று கேட்டார். கோடுகள் நேராகவே இருந்தன. கீழே கையொப்பமும் இருந்தது. ஆயின் கையொப்பமிட்டவர் பதிவுபெற்ற நில அளவையாளர் அல்லர். நாடா பிடிக்கத் தெரிந்தவர், அவ்வளவே.

அளக்கத் தெரிவது ஒன்று. அளந்ததற்குப் பொறுப்பேற்பது வேறொன்று. இவ்வேறுபாட்டை உலகம் உணர்ந்துகொள்ள நெடுங்காலம் சென்றது. முதலாம் இராஜராஜன் காலத்தில் சோழநாடு முழுவதும் அளக்கப்பட்டபோது, அப்பணியை நடத்திய அதிகாரிக்கு 'உலகளந்தான்' என்ற பட்டமே வழங்கியது. எல்லையில் ஐயமெழுந்தால் யார் அளந்தது என்ற கேள்விக்கு விடை கூற ஒரு பெயர் இருந்தது. அந்த அளவில் நம் முன்னோர் விவரமறிந்தவர்களே.

இலங்கையில் ஆள்பதி பிரெடெரிக் நோர்த் 1800ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆந் திகதி நில அளவைத் திணைக்களத்தைத் தோற்றுவித்தார். ஜொன்வில் என்பவர் முதலாவது நில அளவையாளர் நாயகமானார். திணைக்களத்துக்கு உண்மையான சோதனை வந்தது கோப்பிக் காலத்திலேதான். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்தை நிரூபிக்க முடியாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியனவென்று கொள்ள வழிசெய்தது. ஏக்கர் ஐந்து சிலிங்காக மலைக்காடு விலை போயிற்று. காணி கேட்போரின் வேகத்துக்கு அளப்போரின் கால்கள் ஈடுகொடுக்கவில்லை. காகிதத்தில் காணி முந்தியது. காட்டில் எல்லை பிந்தியது. இதனால் விளைந்த வழக்குகளுக்குக் குறைவில்லை.

அரசாங்க அளவையாளர் போதாதபோது தனியார் அத்தொழிலில் இறங்குவது இயல்பே. அவர்களுக்கொரு கடிவாளமாக 1889ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க நில அளவையாளர் கட்டளைச் சட்டம் வந்தது. நில அளவையாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் பெற்றவரே இத்தொழிலைச் செய்யலாம் என்றாயிற்று. இதில் நாம் மேனாட்டாருக்குப் பின்தங்கியவர்கள் அல்லர். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், நீருரிமை கோரி வந்த வரைபடங்களில் சட்டத்தரணிகளும் நொத்தாரிசுகளும் தாமே பொறியியலாளரென்று கையொப்பமிட்டிருப்பதைக் கண்டு மாநிலப் பொறியியலாளர் கிளாரன்ஸ் ஜோன்ஸ்டன் திகைத்தார். அதன் பயனாக அம்மாநிலம் பொறியியலாளருக்கும் நில அளவையாளருக்கும் அனுமதிப்பத்திரம் வழங்கும் சபையொன்றை நிறுவியது 1907இலேதான். அந்நாட்டில் பொறியியலாளருக்கு அனுமதிப்பத்திரம் வழங்கிய முதல் மாநிலம் அதுவே. நமது நாட்டிலோ பொறியியலாளரைப் பதிவுசெய்யும் சபைக்குரிய சட்டம் 2017 வரை காத்திருந்தது!

இந்நாளில் நடைமுறையிலிருப்பது 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டம். அதன்கீழ் அமைந்த சபை அளவையாளரைப் பதிவுசெய்கிறது, ஆண்டுதோறும் தொழில் அனுமதிப்பத்திரம் வழங்குகிறது, தவறிழைத்தவரை விசாரிக்கிறது. ஆகையால் காணி வாங்குவோர் அளவையாளரின் பதிவிலக்கத்தையும், அவ்வாண்டுக்குரிய அனுமதிப்பத்திரத்தையும் கேட்டுப் பார்ப்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

மாணவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயர் 1620இல் விளக்கிய அளவுச் சங்கிலி 66 அடி நீளமுடையது. 100 கண்ணிகள் கொண்டது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ்; ஒரு பேர்ச்சஸ் 272¼ சதுர அடி. இச்சங்கிலி பொருட்காட்சிச்சாலைக்குப் போய்விட்டது. அளவை இன்று மின்கருவியாலும் செய்மதியாலும் நடைபெறுகிறது. ஆனால் பேர்ச்சஸ் மட்டும் நம் வாயை விட்டுப் போகவில்லை.

நானுஓயாவிலிருந்து கந்தப்பளை வழியாக ராகலைக்கு 1904இல் ஓடத்தொடங்கிய, இரண்டரை அடி அகலச் சிறு புகையிரதப் பாதையை முதியோர் கேள்விப்பட்டிருப்பர். 1940களில் அது நின்றுபோயிற்று. மலைச்சரிவில் அத்தனை வளைவுகளையும் கணக்கிட்டு இரும்புப்பாதை போட முடிந்தது; தேயிலை மலைகளை ஏக்கர், றூட், பேர்ச்சஸ் என்று பிரித்து எழுத முடிந்தது. லயத்துக் காம்பரா ஒன்றுக்குத் தனியெல்லை வகுக்கவேண்டுமென்று மாத்திரம் எவருக்கும் தோன்றவில்லை. தோட்டக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் என்றும், பின்னர் பத்துப் பேர்ச்சஸ் என்றும் பேச்சு எழுந்தது எமது காலத்திலேதான். அந்தப் பத்தும் சொல்லாக நில்லாது நிலமாக வேண்டுமானால், ஒவ்வொன்றின் நான்கு எல்லைகளையும் ஒருவர் நடந்து அளந்து கையொப்பமிட வேண்டும். தியத்தலாவையில் அதற்குரிய பயிற்சி நிலையம் இருக்கிறது. சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பும் உண்டு. கணிதத்தில் தேர்ந்த எமது மாணவர் மருத்துவம், பொறியியல் என்ற இரண்டு சொற்களுக்கு அப்பால் எட்டிப் பார்ப்பதில்லை என்பது எமது நெடுநாள் மனக்குறை.

அப்பெரியவர் பதிவுபெற்ற அளவையாளர் ஒருவரைக் கொண்டு காணியை மறுபடி அளந்தார். பத்தரைப் பேர்ச்சஸே தேறியது. எஞ்சிய ஒன்றரை அயலவரின் கோவாப் பாத்திக்குள் கிடக்கிறது. 408 சதுர அடி! பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவாகக் கணக்கிட்டால் மூன்றுக்கு மேல். புதிய வரைபடத்தை வங்கி ஏற்றுக்கொண்டது. கோவா அறுவடையானபின் எல்லைக்கல் நாட்டலாமென்று அயலவரும் ஒப்புக்கொண்டிருக்கிறாராம்.