கடைசி சீட் யாருக்கு? ‘கோரம்’ சொல்லும் பாடம்
கடைசியாக ஒரே ஒரு சீட். ஒரே நொடியில் ரெண்டு பேர் ‘புக்’ பட்டனைத் தட்டுகிறார்கள். ஆளுக்கொரு சர்வர் அதைக் கையாளுகிறது. சீட் இருவருக்கும் போகாமல் தடுப்பது எது?

எல்லா சர்வரிடமும் அனுமதி கேட்கலாம். ஆனால், ஒன்று படுத்தாலும் மொத்த வேலையும் நின்றுவிடும். அதற்குத்தான் ‘கோரம்’. 5 சர்வரில் 3 சம்மதித்தால் போதும். எந்த 3-ஐ எடுத்தாலும், இன்னொரு 3-உடன் ஒரு சர்வராவது பொதுவாக இருக்கும். அது ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் ‘ஓகே’ சொல்லும்.

காவல் காப்பது எண்ணிக்கை அல்ல, இந்தப் பொது ஆள்தான். குழுக்களை அப்படி அமைத்தால், 100 கணினிகளில் கிட்டத்தட்ட 10-ஐக் கேட்டாலே போதும் என்று 1985-லேயே காட்டினார் மமொரு மேகாவா.

ஆனாலும், ‘இன்னொரு சர்வர் போட்டா சேஃப்’ என்ற நினைப்பு போகவில்லை. பெரும்பான்மை முறையில் 3 சர்வர் இருந்தால் 1 பழுதைத் தாங்கும். 4 இருந்தாலும் 1-தான். 2-ஐத் தாங்க 5 வேண்டும்.

பெரும்பான்மை கிடைக்காதபோது ‘பிறகு முயலுங்கள்’ என்று வந்தால் எரிச்சல்தான். ஆனால், வேகத்துக்காக அந்த விதியைத் தளர்த்தக் கூடாது. ஒரே சீட்டை ரெண்டு பேருக்கு விற்பதைவிட, ‘இப்போ முடியாது’ என்பதே நேர்மை.